இறங்கும்போது மட்டும் வலிப்பது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 44. பள்ளி ஆசிரியை. வகுப்பு இரண்டாவது மாடியில். படி ஏறும்போது பெரிதாகத் தெரிவதில்லை. இறங்கும்போது வலது முழங்காலின் முன்பக்கம் சுரீரென்று வலிக்கிறது. மடக்கி நீட்டினால் 'கடக் கடக்' என்று சத்தம் வேறு. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். "முட்டி தேய்ந்துபோச்சு, நடையைக் குறைச்சுக்கோ" என்கிறார் மாமியார். என்ன செய்யட்டும், டாக்டர்?
- வாசகி, மதுரை

பதில்: நடையைக் குறைக்காதீர்கள். வலி எங்கே, எப்போது வருகிறது என்று சரியாகக் கவனித்திருக்கிறீர்கள்; காரணம் அதிலேயே இருக்கிறது.

முழங்காலுக்குள் இரண்டு மூட்டுப் பரப்புகள் உண்டு. தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சேர்வது ஒன்று. இவற்றின் நடுவே பிறை வடிவில் இரண்டு ஜவ்வுகள் இருந்து பாரத்தைப் பரப்பிக் கொடுக்கின்றன. முன்னால் கையில் தட்டுப்படும் சில்லு, தொடை எலும்பின் பள்ளத்தில் மேலும் கீழும் ஓடுவது இன்னொன்று. உங்கள் வலி பெரும்பாலும் இந்த இரண்டாவது இடத்தில்தான்.

நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, குதிகாலைத் தரையில் வைத்துத் தொடையைத் தளர விடுங்கள். சில்லை விரலால் இடமும் வலமும் நகர்த்தலாம். இப்போது காலை மடக்கிப் பாருங்கள், நகராது. மடங்க மடங்க அது தொடை எலும்போடு அழுந்துகிறது.

படி இறங்கும்போது மொத்த உடம்பையும் மடங்கிய ஒற்றைக் காலில் தாங்கி, மெல்லக் கீழே இறக்க வேண்டும். பிரேக் போடுவது தொடையின் முன்தசை. அப்போது சில்லின் பின்புறத்தில் விழும் அழுத்தம் உடல் எடையைப்போல் சுமார் 3 மடங்கு. தசைக்கு வலுப் போதாவிட்டால் சில்லு பள்ளத்தில் நேராக ஓடாமல், அழுத்தம் ஓரிடத்திலேயே குவியலாம்.

எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. எலும்புகளின் இடைவெளி குறைந்திருக்கிறதா என்று பார்த்தே தேய்மானத்தைக் கணிக்கிறோம். உங்களுக்குப் பெரிய தேய்மானம் இல்லை என்றே கொள்ளலாம். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுத் திரவம்தான் அதற்குச் சத்து தருகிறது. நடையில் அழுந்தி விடுபடும்போதுதான் அந்தத் திரவம் நன்றாக உள்ளே போய்வரும். நடையை நிறுத்தினால் இந்தப் போக்குவரத்தும் குறையும், தசையும் மெலியும். வலி இல்லாமல் வரும் சத்தத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை.

நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி 5 விநாடி நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். காலுக்கு 10 முறை, காலையும் மாலையும். வலித்தால் பாதி உயரம் போதும். 6 வாரங்களாவது விடாமல் செய்யுங்கள். அதுவரை கைப்பிடியைப் பிடித்து இறங்குங்கள். தரையில் குந்துவதையும் சம்மணமிடுவதையும் தள்ளிப்போடுங்கள்.

மூட்டு வீங்கினாலோ, பாதி மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டாலோ, நடக்கையில் கால் திடீரென்று மடங்கினாலோ, காய்ச்சலோடு மூட்டு சிவந்து சுட்டாலோ காத்திருக்காதீர்கள். உடனே எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.