நீளம் பார்த்தும் ஏன் மறுக்கிறது?

கேள்வி: லினக்ஸ் கெர்னலுக்குள் ஓடி, வரும் பாக்கெட்டுகளைக் கையாளும் எக்ஸ்டிபி நிரல் ஒன்றை சி மொழியில் எழுதினேன். பாக்கெட்டின் நீளத்தைச் சரிபார்த்த பிறகே படிக்கிறேன். ஆனாலும் நிரலை ஏற்றுமுன் சோதிக்கும் வெரிஃபையர் ஏற்க மறுக்கிறதே?
– வாசகர், நாகல் நகர், திண்டுக்கல்.

பதில்: உங்கள் கணக்கு சரியாகவே இருக்கலாம், வெரிஃபையருக்குப் புரியும் வடிவில் இருக்காது. அது நிரலை ஓட்டிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கிளையாகப் போய், எந்தச் சுட்டி எத்தனை பைட் வரை பத்திரம் என்று குறித்துக்கொள்கிறது. முடிவுச் சுட்டியிலிருந்து தொடக்கச் சுட்டியைக் கழித்து எண்ணாக வைத்தீர்களானால், அந்த எண்ணுக்கும் சுட்டிக்கும் உள்ள உறவு அதற்குத் தெரியாது. தொடக்கத்தோடு 14-ஐக் கூட்டி, அது முடிவைத் தாண்டுகிறதா என்று சுட்டியையே ஒப்பிடுங்கள். ஈதர்நெட் தலைப்புக்கு அது போதும். ஐபிவி4 தலைப்போ 20 முதல் 60 பைட் வரை நீளும். டிசிபிக்குப் போகுமுன் மறுபடி சோதிக்க வேண்டும். நடுவில் பாக்கெட்டின் தலையை நீட்டவோ வெட்டவோ செய்தால் பழைய சுட்டிகள் எதுவும் செல்லாது.

இத்தனை கெடுபிடி வேண்டுமா? 2024 ஜூலை 19-ல் நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்களே, அதற்குக் காரணம் விண்டோஸ் கெர்னலுக்குள் கிரவுட்ஸ்டிரைக் மென்பொருள் செய்த ஒரு வரம்பு மீறிய வாசிப்பு. (வெரிஃபையரும் அப்பழுக்கற்றதல்ல, 2020-ல் அதன் வரம்புக் கணக்கிலேயே ஓட்டை கண்டுபிடித்தார்கள்.)

பிழைச் செய்தியின் முடிவில் ‘ஆர்’ எழுத்துக்குப் பக்கத்தில் 0 இருந்தால், ஒரு பைட்கூட நிரூபிக்கப்படவில்லை என்று அர்த்தம். திருத்தியபின் வெரிஃபையரின் பதிவில் அந்த இடத்தில் 14 வர வேண்டும்.