ரப்பர் துகள் செய்யும் வேலை

கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் அளவுகோல் கீழே விழுந்து ஒடிந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அத்தகைய பொருள்கள் பலவற்றுக்கு மூலப்பொருளான பாலிஸ்டைரீன் கடினமானதுதான். ஆனால் விளிம்பில் ஒரு சிறு கீறல் இருந்தாலும் அதன் முனையில் தகைவு குவிந்துவிடுகிறது. விரிசல் நொடியில் மறுபக்கம் போய்விடுகிறது.

இதற்கு மருந்து, நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு ரப்பர். ஸ்டைரீன் திரவத்தில் பாலிபியூட்டாடையீன் ரப்பரைக் கரைத்து, கலக்கியபடியே பலபடியாக்கினால், சில மைக்ரான் அளவுள்ள ரப்பர் துகள்கள் உள்ளே பரவி நிற்கும். அடி தாங்கும் பாலிஸ்டைரீன் இதுவே.

ரப்பர் மெத்தை போல அடியை வாங்கிக்கொள்கிறது என்றுதானே நினைக்கிறீர்கள்? அது சரியன்று. விரிசலின் இருகரைகளை ரப்பர் இழுத்துப் பிடிக்கிறது என்று 1956இல் ஒரு விளக்கம் வந்தது. அந்த இழுவிசை ஏற்கும் ஆற்றலோ மிகச் சொற்பம். இப்பொருளை வளைத்தால் மடிப்பு வெளுக்கிறதே, அதில்தான் விடை இருக்கிறது என்று 1965இல் பக்னால், ஸ்மித் இருவரும் காட்டினர்.

ரப்பர் மிருதுவானது, சுமையை ஏற்காது. ஆகவே அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கில் தகைவு கூடுகிறது. அங்கே நுண்வெடிப்புகள் தோன்றுகின்றன. இவை வெறும் பிளவுகள் அல்ல. இருகரைகளையும் பிளாஸ்டிக்கின் நுண்ணிய இழைகள் இணைத்திருக்கும். இடையில் ஏறத்தாழப் பாதி வெற்றிடம். அந்த இழைகளை நீட்டுவதில்தான் அடியின் ஆற்றல் செலவாகிறது. ரப்பர் இல்லையெனில் ஓரிரு வெடிப்புகளே தோன்றி விரிசலாக முற்றிவிடும். இங்கோ எண்ணற்றவை ஒரே சமயத்தில் தோன்றுகின்றன. அடுத்த துகளை எட்டியதும் பல நின்றுவிடுகின்றன. வெண்மை, அவை சிதறடிக்கும் ஒளியே.

ஆனால் ஒரு நஷ்டம்: பொருள் பால்போல் மங்கிவிடுகிறது. பாலிஸ்டைரீனின் ஒளிவிலகல் எண் 1.59, ரப்பருடையது 1.52. ஒவ்வொரு துகளின் எல்லையிலும் ஒளி சிதறுகிறது.

அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் இதற்கு வழி உண்டு. அதன் எண் 1.49. பியூட்டைல் அக்ரிலேட் ரப்பரின் எண் சற்றுக் குறைவு, 1.47. அதனுடன் அளவாக ஸ்டைரீன் சேர்த்து 1.49க்கு உயர்த்திவிடுகிறார்கள். கிளிசரினில் அமிழ்ந்த கண்ணாடித் தண்டு கண்ணுக்கு மறைவது போல, ரப்பர் மறைந்துவிடுகிறது! (இங்கே துகள்கள் இன்னும் சிறியவை. அவை உள்ளே குழிவிட, சுற்றியுள்ள பிளாஸ்டிக் நொறுங்காமல் நெகிழ்கிறது.)

இந்தப் பொருத்தம் அறை வெப்பநிலைக்கு மட்டுமே. சூடேறினால் ரப்பர் அதிகம் விரிந்து அதன் எண் வேகமாகக் குறையும். வெந்நீரில் இட்ட தகடு மங்கலாகும், ஆறியதும் தெளியும்.