பாஜா காரின் கூண்டு ஏன் கோணுகிறது?

கேள்வி: மாணவர்களே கட்டும் கரடுமுரடுப் பாதைக் கார்களுக்கான பாஜா போட்டிக்கு எங்கள் கல்லூரி அணி கார் கட்டுகிறது. வெல்டிங் முடிந்ததும் ரோல் கேஜ், அதாவது ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டு, ஒரு பக்கமாக இழுத்துக்கொள்கிறது. தவறு வெல்டருடையதா?

பதில்: பெரும்பாலும் தவறு வெல்டிங்குக்கு முன்பே நடந்திருக்கும். குழாயின் முனையை அடுத்த குழாயின் வளைவுக்கு ஏற்பக் குடையும்போது இடைவெளி விழுந்தால், அதை ஃபில்லர் கம்பியால்தான் நிரப்ப வேண்டும். அது ஆறிச் சுருங்கும்போது குழாயையும் சேர்த்து இழுக்கும். மூட்டைப் பொருத்தி வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். கீற்று தெரிந்தால் அரத்தை எடுங்கள். பிசிறையும் எண்ணெயையும் போக்கி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள்.

பிறகு குழாய்களை ஜிக் என்ற பிடிசட்டத்தில் பிடித்து, கூண்டு முழுவதற்கும் டேக் எனும் சிறு புள்ளி வெல்டு மட்டும் வைத்து, மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். ஒரே மூட்டைச் சுற்றி முடிக்காமல் இடமும் வலமும் மாறி மாறிப் பற்றவையுங்கள். 4130 குரோமோலி குழாய் என்றால் தண்ணீர் ஊற்றி ஆற்றவே கூடாது; மூட்டு கடினமாகி வெடிப்பு விடும்.

மாதிரி மூட்டுகளையும் போட்டி விதி கேட்கும்: ஒன்றை உடையும்வரை இழுக்க, மற்றொன்றை நீளவாக்கில் அறுத்து வெல்டு எவ்வளவு ஆழம் இறங்கியது என்று பார்க்க. அவற்றைக் கடைசிநேரச் சடங்காக்காதீர்கள். கார் உருண்டால் உள்ளே இருப்பது உங்கள் நண்பன். கூண்டில் கைவைக்கும் முன்பே, அதே வெல்டரை, அதே குழாயில் மாதிரிகளைச் செய்யச் சொல்லுங்கள்.