வராத முதுமைக்கு மருந்து

ஹைதராபாத் நகரின் சனத்நகர், ஆலைத் தொழிலாளர்களின் பகுதி. ஆல்வின் குளிர்பதனப் பெட்டிகள் ஒரு காலத்தில் அங்கேதான் உருவாயின. அங்குள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனையை நாடி வருபவர்களில் பலர் உழைத்துத் தேய்ந்த உடலோடு வருபவர்கள். அங்கிருந்து சில கிலோமீட்டர் தெற்கே சென்றால் திரையுலகினர் வாழும் ஜூபிலி ஹில்ஸ். அங்கே முக அழகுச் சிகிச்சை நிலையங்கள் பல உண்டு. முகத்தில் சுருக்கம் விழுந்தவர்கள் மட்டும்தான் இத்தகைய நிலையங்களுக்குச் செல்கிறார்கள் என்பதில்லை. ஒரு கோடுகூட விழாத இளைஞர்களும் செல்கிறார்கள். 'சுருக்கம் வந்த பின் நீக்குவதைவிட வராமலே தடுத்துவிடலாமே' என்பது அவர்கள் கூறும் காரணம்.

இதை எடுத்த எடுப்பில் நகைத்து ஒதுக்குவது முறையன்று. வருமுன் காப்பதை அறிவுடைமை என்றே நம் முன்னோர் போற்றினர். கேள்வி ஒன்றுதான்: முதுமை, காத்துத் தடுக்கக்கூடிய ஒன்றா?

முதலில் மருத்துவம் கூறுவதைப் பார்ப்போம். போடாக்ஸ் என்னும் மருந்து, தசைக்கு நரம்பு அனுப்பும் செய்தியைத் தடுக்கிறது. தசை சுருங்காததால் தோலும் மடிவதில்லை. புருவங்களுக்கு இடையே விழும் கோடுகளுக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்க அரசு 2002-இல் அனுமதி அளித்தது. இதன் பயன் மூன்று, நான்கு மாதங்களே நிற்கும். 2006-இல் வெளியான ஓர் ஆய்வு, உருவொத்த இரட்டைச் சகோதரிகள் இருவரை ஒப்பிட்டது. ஒருவர் 13 ஆண்டுகள் இடைவிடாது இந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர். மற்றவர் இருமுறை மட்டுமே போட்டுக்கொண்டவர். முதலாமவரின் நெற்றியில் கோடுகள் குறைவாகவே இருந்தன. ஆகவே, பயனே இல்லை என்று வாதிடுவது நேர்மையாகாது. ஆனால் கோடு குறைந்ததே தவிர, வயது குறையவில்லை; இருவரும் 13 ஆண்டுகள் மூத்திருந்தனர்.

கத்தி கொண்டு செய்யும் ஃபேஸ்லிஃப்ட் இன்னும் பெரிய செயல். முகத்தை அசைக்கும் நரம்பின் கிளைகள் அந்த இடத்தில்தான் ஓடுகின்றன. அவை காயமுற்றால் முகத்தின் அசைவே பாதிக்கப்படும். அந்த ஆபத்தைத் தாண்டினாலும், முதுமை தோலில் மட்டும் நிகழ்வதில்லை. தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு இடம் மாறுகிறது. தாடை எலும்பும் கண்குழி எலும்பும் மெல்லத் தேய்கின்றன. இருபத்தைந்தில் தோலை இழுத்துத் தைத்தால், நாற்பதில் எலும்பு தேயாமல் நின்றுவிடுமா?

வேதாந்தம் கற்கத் தொடங்குபவர் முதலில் பயிலும் தத்வபோதம், ஸ்தூல சரீரத்துக்கு ஆறு விகாரங்களைக் கூறுகிறது: இருத்தல், பிறத்தல், வளர்தல், மாறுதல், தேய்தல், அழிதல். வளர்தலுக்கும் தேய்தலுக்கும் நடுவே 'நிற்றல்' என்ற ஒன்று அந்தப் பட்டியலில் இல்லை என்பதைப் படிப்பவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இளமை என்று நாம் பெயரிட்டு அழைப்பது ஒரு நிலையன்று; அதுவும் ஓட்டமே. குழந்தையை இளைஞனாக்கியது எந்த மாற்றமோ, அதே மாற்றம்தான் அவனை முதியவனாக்குகிறது. முன்பாதியை விரும்பி வரவேற்றுவிட்டுப் பின்பாதியை மட்டும் நோய் என்று பெயரிடுவது விவேகமாகுமா?

ஆபத்தை மிகைப்படுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். 2024 பிப்ரவரியில் ஜூபிலி ஹில்ஸ் பகுதியில், திருமணம் நிச்சயமாகியிருந்த இளைஞர் ஒருவர் புன்னகையை அழகாக்கும் பல் சிகிச்சைக்குச் சென்று உயிரிழந்தார். மயக்க மருந்து அளவு மீறியதே காரணம் என்று குடும்பத்தினர் குற்றம் சாட்டினர். அது முதுமையைத் தடுக்கும் சிகிச்சை அன்று. ஆயினும் நோயில்லாத உடல் சிகிச்சைக்குக் கிடந்தது என்பது இரண்டுக்கும் பொது. மயக்க மருந்தைப் பற்றி இந்நகரத்துக்கு ஒரு பழைய பாடமும் உண்டு. குளோரோஃபார்ம் ஆபத்தானதா என்பதை ஆராய, நிஜாமின் ஆதரவில் 1888-இலும் 1889-இலும் இரண்டு குழுக்கள் அமைந்தன. சுவாசத்தைக் கவனித்துக்கொண்டால் போதும், இதயத்துக்கு நேரடி ஆபத்தில்லை என்று அவை முடிவு கூறின. அந்த முடிவு தவறென்று பிற்கால ஆய்வுகள் காட்டின. அறிஞர்களின் உறுதிமொழிக்கும் எல்லை உண்டு. உயிரைக் காக்கும் அறுவையில் அந்த ஐயத்தை ஏற்றே ஆக வேண்டும். வராத சுருக்கத்துக்காக அதை ஏற்க என்ன அவசியம்?

அறுவை சிகிச்சையே உடற்பற்று என்று கூறுவதும் தவறு. வெட்டுண்ட மூக்கைச் சீரமைக்கும் முறையைச் சுஸ்ருத சம்ஹிதை விவரிக்கிறது. திப்புவின் படையினரிடம் சிக்கி மூக்கிழந்த காவாஸ்ஜி என்னும் வண்டியோட்டிக்கு, நெற்றித் தோலைக்கொண்டு புது மூக்கு அமைக்கப்பட்டதை லண்டன் இதழ் ஒன்று 1794-இல் வெளியிட்டது. ஐரோப்பிய மருத்துவர்கள் நம்மிடம் கற்ற கலை அது. தீயில் வெந்த முகத்துக்கும் பிளவுபட்ட உதட்டுக்கும் கத்தி எடுப்பது சேவை. இழந்ததை மீட்பது வேறு. இன்னும் இழக்காததை எண்ணி அஞ்சி அறுத்துக்கொள்வது வேறு.

'நரைக்குச் சாயம் பூசுவோர் எங்களைக் கேட்கலாமா?' என்று இளைஞர் வினவக்கூடும். நியாயமான கேள்வி. சாயமும் அதே அச்சத்தின் பிள்ளைதான். ஆனால் சாயத்தை நாளையே விட்டுவிடலாம். வெட்டிய தோலை அப்படி விட்டுவிட முடியாது.

மகாபாரதத்தில் யயாதியின் கதையைச் சொல்பவர்கள் அவனது தீராத ஆசையோடு நிறுத்திவிடுகிறார்கள். இளைய மகன் பூருவை யாரும் அதிகம் நினைப்பதில்லை. சாபத்தால் வந்த முதுமையைப் பெற்றுக்கொள்ளுமாறு தந்தை கேட்டபோது மூத்தவர் நால்வரும் மறுத்தனர். முதுமையின் துன்பங்களை எடுத்துச் சொல்லியே மறுத்தனர். பூரு தன் இளமையைத் தந்து அந்த முதுமையை ஏற்றான். இருவரில் யாருக்கு இளமை உண்மையில் சொந்தமாயிருந்தது? இழந்துவிடுவோமோ என்று நடுங்கி, ஆயிரம் ஆண்டுகள் அதைப் பற்றிக்கொண்டிருந்தவனுக்கா? தமிழ் மரபோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: கன்னிப் பருவத்து ஔவை விநாயகரிடம் முதுமையை வரமாகக் கேட்டுப் பெற்றாள் என்கிறது. எல்லோரும் அவ்வாறு கேட்க வேண்டியதில்லை. முதுமை ஒரு விடுதலையாகவும் இருக்கலாம் என்று எண்ணிய சமுதாயம் ஒன்று இருந்தது என்பதை அறிந்தால் போதும்.

உடலைப் பேணுவது தவறன்று. அது தர்மத்துக்குக் கருவி. நாள்தோறும் வெயில் காப்புக் களிம்பு பூசியவர்களின் தோல் மெதுவாகவே முதிர்ந்தது என்று 2013-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. புகையை விடுவதும் உச்சி வெயிலைத் தவிர்ப்பதும் எந்தக் கத்தியையும் வேண்டுவதில்லை.

இந்த அச்சத்தை இளைஞர்கள் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் பெரியவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பெண் பார்க்கச் சென்று வந்து 'வயது சற்றுக் கூடத் தெரிகிறது' என்று கூறியவர்கள் யார்? தம் தோற்றத்தில் இல்லாத குறையை ஓயாது காண்பது ஒரு மனநோய் என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். அத்தகையோர் அறுவைக்குப் பிறகும் பெரும்பாலும் நிறைவடைவதில்லை. ஆகவே நல்ல மருத்துவர், கத்தியை எடுக்குமுன் 'இதை உங்களுக்கு யார் சொன்னார்கள்?' என்று கேட்பார். சிலரைச் சிகிச்சையே செய்யாமல் திருப்பி அனுப்புவார். வீட்டில் ஒரு மகனோ மகளோ இந்தப் பேச்சை எடுத்தால், பெற்றோரும் அந்தக் கேள்வியையே கோபமின்றிக் கேட்கலாம். வரும் பதில் தங்களையே சுட்டினாலும், முழுவதையும் கேட்டுக்கொள்ளலாம்.