டிஸ்சார்ஜுக்குப் பிறகு

கேள்வி: குடியை விட்ட பெண்ணுக்குக் கோயிலோ சர்ச்சோ பிரார்த்தனையைத் தாண்டி ஏதாவது செய்ய முடியுமா? (வாசகி, ஓசூர்)

பதில்: முடியும். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பெக்கா ஸ்டீவன்ஸ் என்ற பெண் பாதிரியார் 1997-ல் செய்து காட்டினார். போதையிலும் பாலியல் சுரண்டலிலும் சிறையிலும் அடிபட்டு வந்த பெண்களுக்கு இரண்டு ஆண்டுகள் வாடகையில்லா வீடு, சிகிச்சை. 2001 முதல் கைக்கு வேலையும் வந்தது: மெழுகுவத்தி, உடம்புக்குத் தேய்க்கும் எண்ணெய் தயாரிப்பு. நிறுவனத்தின் பெயர் ‘திசில் ஃபார்ம்ஸ்’. திசில் என்பது சாலையோர முள்செடி. பொருத்தமான பெயர்தான்!

சென்னையில், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய அறக்கட்டளை, குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தது.

ஓசூருக்குச் சிகிச்சை பக்கத்திலேயே, பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இருக்கிறது. ஆனால் சிகிச்சை முடிந்து திரும்பி வந்தால் அதே வீடு, அதே தெரு. வாடகைக்கும் வேலைக்கும் வழி செய்வதுதான் கோயிலும் சர்ச்சும் மசூதியும் கையில் எடுக்க வேண்டிய வேலை.

அவசரத்துக்கு, போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. கட்டணமில்லை.