நாற்பது இரவுகளில் ஒரு செவ்வாய்

2020 அக்டோபர் 6ஆம் தேதி செவ்வாய் நமக்கு 6.2 கோடி கிலோமீட்டர் பக்கத்தில் வந்தது. அதைவிட நெருக்கமாக இனி 2035 செப்டம்பரில்தான் வரும். 2020இல் மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து செவ்வாயின் முழு வரைபடம் ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். கையில் இருந்தது 8 அங்குலத் தொலைநோக்கி, 2 மடங்கு பார்லோ லென்ஸ், ஒரு சிறிய கோள் கேமரா, பழைய லேப்டாப். அந்த நெருக்கத்திலும் செவ்வாயின் அகலம் 22.6 கோண விநாடிதான். முழுநிலாவின் அகலத்தில் எண்பதில் ஒரு பங்கு. என் கேமராவில் அது 120 பிக்சல் அகலமுள்ள ஆரஞ்சு வட்டம்.

வெளிநாட்டு வழிகாட்டிகள் அடிவானத்தை ஒட்டி நிற்கும் கோளை எப்படிச் சமாளிப்பது என்று பக்கம் பக்கமாகச் சொல்லும். நமக்கு அந்தக் கவலை இல்லை. அந்த அக்டோபரில் செவ்வாய் மதுரையில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலேயே கடந்தது. நம் எதிரி காலடியில் இருக்கிறது. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் நள்ளிரவு வரை வெப்பத்தை உமிழும். திரையில் செவ்வாய் கொதிக்கிற எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி நெளியும். மாலையிலேயே தளத்தில் தண்ணீர் ஊற்றிவிடுவேன். தொலைநோக்கியை ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே வெளியே வைத்துவிடுவேன். இரண்டும் ஓரளவுக்கு உதவின. ஆனாலும் என் நல்ல படங்களில் பெரும்பாலானவை இரவு 1 மணிக்குப் பிறகு எடுத்தவைதான்.

படமெடுக்கும் முறை எளிது. மூன்று நிமிட வீடியோவில் ஏறத்தாழ 18,000 ஃபிரேம்கள் கிடைக்கும். ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருள் அவற்றில் தெளிவானவற்றைப் பொறுக்கி அடுக்கித் தரும். வீடியோவை அதற்கு மேல் அதிகம் நீட்டக் கூடாது. செவ்வாய் சுழன்றுகொண்டே இருப்பதால் நுணுக்கங்கள் இழுபடும்.

வரைபடம் செய்கிறவருக்குக் கேமராவைவிடக் கடிகாரம் முக்கியம். இதை நான் சிரமப்பட்டுத்தான் கற்றேன். முதல் பத்து நாள் படங்களை வின்ஜூபோஸ் மென்பொருளில் ஏற்றி வரைபடமாக விரித்தபோது சிர்ட்டிஸ் மேஜர் இடம் மாறி நின்றது. வடக்கை மேலே வைத்துப் பார்த்தால் தலைகீழான இந்தியத் தீபகற்பம் போலத் தெரியும் கரும்பகுதி அது. 290 டிகிரி மேற்கில் இருக்க வேண்டியது. என் வரைபடத்திலோ பூஜ்ஜியக் கோட்டுக்குப் பக்கத்தில், சைனஸ் மெரிடியானி இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, பல வருடமாகக் கோள்களைப் படமெடுக்கும் ஓர் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"படம் கெடக்கட்டும்ப்பா. நேரத்தக் குறிச்சியா?"

"விநாடி சுத்தமாக் குறிச்சேண்ணே."

"எந்த நேரம்? நம்ம நேரமா, உலக நேரமா?"

விடை அதில் இருந்தது. மென்பொருள் கேட்பது உலக நேரம். நான் கொடுத்தது இந்திய நேரம். ஐந்தரை மணி நேர வித்தியாசம். செவ்வாய் ஒரு மணி நேரத்தில் 14.6 டிகிரி சுழல்கிறது. ஐந்தரை மணி நேரத்தில் 80 டிகிரி. சிர்ட்டிஸ் மேஜர் அத்தனை தூரம்தான் நகர்ந்திருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் உலக நேரத்தை எழுதுகிறேன், ஒவ்வொரு மாலையும் லேப்டாப் கடிகாரத்தை இணையத்தோடு சரிபார்க்கிறேன்.

அடுத்த கணக்கு நாட்களுடையது. செவ்வாய் ஒரு முறை சுழல 24 மணி 37 நிமிடம் ஆகிறது. தினமும் இரவு 10 மணிக்குப் பார்த்தால், நேற்று நடுவில் நின்ற பகுதி இன்று ஒன்பது டிகிரி பின்தங்கி நிற்கும். அதே நேரத்தில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் முழுக் கோளும் நம் முன்னால் வந்து போக நாற்பது நாள் வேண்டும். அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டதும் வரைபடத்தில் பெரிய வெற்றிடம் விழுந்தது. இன்னும் நாற்பது நாள் காத்திருக்கலாம் என்றால், நவம்பர் நடுவிலேயே செவ்வாயின் அகலம் 18 கோண விநாடிக்கும் கீழே சுருங்கிவிட்டது.

நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் வழி தெரிந்தது. இன்று 10 மணிக்குத் தவறவிட்ட முகம் நாளை 10.37க்கு வரும், மறுநாள் 11.14க்கு. பத்தாம் நாள் விடிகாலை 4 மணிக்கு வரும். மழை விட்ட இரவுகளில் அலாரம் வைத்து எழுந்து, விட்ட துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்தேன். எல்லா வெற்றிடங்களும் நிரம்பவில்லை, பெரும்பகுதி நிரம்பியது. இதற்கிடையில் நவம்பர் நடுவில் செவ்வாயிலேயே ஒரு புழுதிப் புயல் கிளம்பி, பழகிய கரும்பகுதிகளின் ஓரங்களை மாற்றிக் காட்டியது. வரைபடத்தின் மூலையில் தேதியும் போட வேண்டும் என்று புரிந்தது அப்போதுதான்.

படத்தைத் தீட்டும் கட்டத்தில்தான் நேர்மை அதிகம் வேண்டும். கூர்மையைக் கூட்டும் பொத்தானை இழுக்க இழுக்கப் புதுக்கோடுகள் பிறக்கும். ஒளிமிகுந்த விளிம்பை ஒட்டி உள்ளே ஒரு பொய் வளைவும் தோன்றும். அப்படியே விரித்தால் வரைபடமெங்கும் வரிவரியாக விழும். அதனால் ஒவ்வொரு படத்திலும் நடுக்கோட்டுக்கு இருபுறமும் 40 டிகிரியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வெவ்வேறு இரண்டு இரவுகளின் படங்களில் தெரியாத எதையும் வரைபடத்தில் சேர்ப்பதில்லை.

இந்த விதியை வைத்துக்கொள்ளும்போது நினைவுக்கு வருபவர் இத்தாலியின் ஷியாபரெல்லி. 1877இல் மிலான் நகரில் அவர் பயன்படுத்தியது ஏறத்தாழ 22 செ.மீ. தொலைநோக்கி, என்னுடையதைவிடக் கொஞ்சமே பெரியது. தேர்ந்த கண் அவருடையது. அப்படிப்பட்டவரே, அங்கே இல்லாத நேர்கோடுகளைக் கண்டு வரைந்தார். பின்னாளில் அவற்றைச் செவ்வாய்வாசிகள் வெட்டிய கால்வாய்கள் என்று உலகம் பேசியது. 1909இல் அந்தோனியாடி பிரான்ஸின் மூதோன் ஆய்வகத்தில் 83 செ.மீ. தொலைநோக்கியால் பார்த்தபோது அந்தக் கோடுகள் ஒழுங்கற்ற புள்ளிகளாகச் சிதறிப் போயின.

சிறிய கருவி வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். செவ்வாயின் முதல் முறையான வரைபடத்தைச் செய்த பியரும் மேட்லரும் 1830இல் பெர்லினில் பயன்படுத்திய தொலைநோக்கியின் அகலம் 10 சென்டிமீட்டர்கூட இல்லை. ஒரு சிறு கரும்புள்ளியை அடையாளமாக வைத்து அது திரும்பி வரும் நேரத்தைக் குறித்தார்கள். செவ்வாயின் பூஜ்ஜியக் கோடு இன்றும் அந்தப் பகுதி வழியாகவே போகிறது.

2020இல் எனக்குத் தென்பாதி நன்றாக வந்தது, வடதுருவம் கிடைக்கவில்லை. 2025 ஜனவரியில் செவ்வாய் 14.6 கோண விநாடிதான் என்றாலும் வடதுருவப் பனித்தொப்பி பளிச்சென்று தெரிந்தது. இரண்டையும் ஒட்டியபோதுதான் வரைபடம் ஒரு முழுக்கோளாக ஆனது.

செவ்வாய் சூரியனுக்கு நேரெதிரே நிற்கும் அடுத்த எதிரமைவு 2027 பிப்ரவரி 19. அகலம் 13.8 கோண விநாடிதான். ஆனால் மழை ஓய்ந்த மாதம், செவ்வாய் தலைக்கு மேலே, வடபாதி நம் பக்கம் சாய்ந்திருக்கும். ஜனவரி இறுதியிலேயே தொடங்கிவிடுங்கள். 10 மணிக்குத் தவறியதை 4 மணிக்குப் பிடியுங்கள். கோப்பின் பெயரில் உலக நேரத்தை எழுதுங்கள்.