பழைய வண்டி இழுக்குமா?

கேள்வி: எங்கள் கேம்பர் டிரெய்லர் 4,000 பவுண்டு. அதை இழுக்க 2008 நிஸான் பாத்ஃபைண்டர் ஒன்று மலிவாக வருகிறது. 6,000 பவுண்டு வரை இழுக்குமாம். வாங்கலாமா?
– வாசகர், டொரன்டோ

பதில்: அவசரப்படாதீர்கள். 4,000 என்பது பெரும்பாலும் காலி எடை. தண்ணீர், கேஸ், சாமான் ஏற்றினால் 5,000-ஐத் தொடும். அதில் பத்தில் ஒரு பங்காவது கொக்கி வழியாக வண்டியின் முதுகில்தான் இறங்கும். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் சுமை வரம்பில் அதையும், குடும்பத்தார் எடையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

என் பெரிய கவலை ரேடியேட்டர். 2005–2010 பாத்ஃபைண்டர்களில் பலவற்றில், ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலர் விரிசல் விட்டு, கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் புகுந்திருக்கிறது. இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள்; ரோஸ்மில்க் நிறத்தில் குழம்பித் தெரிந்தால் கியர்பாக்ஸ் போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக இருந்தாலும், ரேடியேட்டரை மாற்றிய ரசீதைக் கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், ஒன்டாரியோ சாலை உப்பு. மெக்கானிக்கிடம் வண்டியைத் தூக்கி, கொக்கி பொருந்தும் இடத்தில் அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். துரு செதில் செதிலாக உதிர்ந்தால் பேரமே பேசாமல் திரும்பிவிடுங்கள்.